வான்தான் முதல் குடிக்கும்

போன மாதம் வாங்கின பழைய டீசல் வான் கொடிகாமத்திலை ஆவியடிச்சு நிண்டுது. அந்தச் சூடான துரு மணம் என்னை எங்கடை வலிகாமத்து வளவுக்குக் கொண்டுபோனது. அங்கை எங்கடை கிணறு உவர். அதை அப்ப எங்களிட்டை இருந்த வானின்ரை, என்ஜினைக் குளிர்த்திற ரேடியேற்றருக்கு வார்த்தால் சுண்ணாம்பு படிஞ்சு அடைச்சுப்போடும் எண்டு, விடியக்காலமையிலை அம்மா துலா கிறீச்சிடக் கோயில் கிணத்திலை நல்ல தண்ணி அள்ளுவா. குடிக்கிற தண்ணியை வானுக்கோ எண்டு சனம் முணுமுணுக்கும்.

"ஓம், வான்தான் முதல் குடிக்கும். உங்களைப் பிள்ளைப்பேறுக்கு ஏத்திக்கொண்டு ஓடினது உதுதானே?" எண்டுவா அம்மா.

சண்டைக்காலத்திலை ஆமியின்ரை முள்ளுக்கம்பிக்குள்ளை போன அந்த ஊர் திரும்பக் கிடைச்சபோது கிணறுமில்லை, வளவுமில்லை, வெறும் பற்றைக்காடு.

கொடிகாமத்து மெக்கானிக் பெடியன் என்ரை வானின்ரை என்ஜினை எட்டிப் பார்த்தான். "என்ஜின் முடிஞ்சுது அக்கா. பழைய இரும்புக்குக் குடுங்கோ."

நான் ரேடியேற்றரைத் தொட்டுப் பார்த்தன். மேலே கை வைக்கேலாத சூடு. கீழே குளிர்ந்துபோய்க் கிடந்தது. அடைப்புத்தான். எனக்கு வானை வித்தவன் உவர்த்தண்ணி வார்த்திருக்கிறான்.

"கழட்டிக் கழுவும் தம்பி, நான் நல்ல தண்ணி கொண்டாறன்" எண்டு வாளியை எடுத்தன். "முடிஞ்சுதோ இல்லையோ எண்டதை, குடிச்சாப்பிறகு வான் சொல்லட்டும்."