பாதி எடு, பாதி ஊற்று

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாம்பரம் பக்கம் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு வேலை. எலும்பு மஜ்ஜையைக் குப்பியில் வளர்க்க வேண்டும். மஜ்ஜையை ஊற்றி வைத்தால் அதிலுள்ள சில செல்கள் முதலில் அடியில் ஒட்டிப் பாய் மாதிரி விரியும். ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் அந்தப் பாய்க்கு அடியில் போய்ப் பதுங்கித்தான் பெருகும். பாய் இல்லையென்றால் அவை அதிக நாள் தாங்காது.

வாரம் ஒருமுறை ஊட்டத் திரவத்தை மாற்ற வேண்டும். பாதி எடு, பாதி ஊற்று. முழுசாக மாற்றவே கூடாது, பாய் சுரந்து வைத்த சத்து பழைய திரவத்தில்தான் இருக்கிறது என்று கூடத்தை நடத்திய மேடம் முதல் நாளே சொன்னார். புதிதாக வருகிறவர்களுக்கு அதை நான்தான் சொல்லிக்கொடுப்பேன். தப்பு செய்தால் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி.

அப்போதுதான் என் அண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. கீழ்க்கட்டளையில் வயலை விற்ற பிறகு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு வந்த வகையில், கெட்ட செல்கள் குப்பியில் சில வாரங்களில் அழிந்துவிடும், ஒளிந்திருக்கும் நல்ல செல்கள் பிழைக்கும், வெளிநாட்டில் அவற்றைத் திரும்ப உடம்பில் ஏற்றிப் பார்க்கிறார்கள் என்று படித்திருந்தேன். அண்ணனிடம் மஜ்ஜை கேட்டேன். இடுப்பெலும்பிலிருந்து ஊசியில் எடுக்க, சிரித்துக்கொண்டே குப்புறப் படுத்துக் கொடுத்தான். இது ஆராய்ச்சி, வைத்தியம் இல்லை என்று மேடம் இரண்டு தரம் சொன்னார். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன். நல்ல செல் பிழைத்தால் போதும், அதை அண்ணனுக்கு ஏற்றச் சொல்லி யார் காலிலாவது விழலாம் என்றிருந்தேன்.

ஐந்தாவது வாரம் பாயின் அடியில் நாலைந்து இடங்களில், கூழாங்கல் பதித்த மாதிரி, நல்ல செல்களின் சின்னச் சின்னக் கூட்டம் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அதன் பிறகு அண்ணன் தன் உடம்பைப் பற்றிப் பேசவே மாட்டான். "இன்னாம்மா, என் பசங்க எப்டி கீறானுங்க?" என்பான்.

அடுத்து மாற்ற வேண்டிய நாள் ஆயுத பூஜையில் வந்தது. மைக்ராஸ்கோப்புக்கும், குப்பிகளை உடல் சூட்டில் வைக்கும் இன்குபேட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி படைத்துக் கும்பிட்டுவிட்டால், விஜயதசமி காலை வரை எங்கள் கூடத்தில் யாரும் எதையும் தொடமாட்டார்கள். மற்ற வருஷங்களில் முந்தின நாளே மாற்றிவிடுவேன். இந்த முறை அன்று அண்ணனுக்குக் கடும் காய்ச்சல், அவன் பக்கத்திலேயே இருந்துவிட்டேன். பூஜை அன்று ரகசியமாகத் திறந்திருக்கலாம். அண்ணனுக்காக வேண்டிக்கொண்ட கையோடு சாமி குத்தம் செய்யப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை இன்குபேட்டர் கதவைத் திறந்தால், சிவப்பாக இருக்க வேண்டிய திரவம் மஞ்சளாகிக் கிடந்தது. ஐயோ, என் அண்ணன் இந்த அழுக்கில் பட்டினி கிடந்திருக்கிறானே என்றுதான் தோன்றியது. பாதி எடுத்தேன். மிச்சமும் மஞ்சள். அதையும் எடுத்துவிட்டு முழுசாகப் புதுசு ஊற்றினேன். ஊரையெல்லாம் திட்டித் திருத்தினவள், அதே தப்பை என் கையாலேயே செய்தேன்.

நாலாம் நாள் அந்தக் கூட்டங்கள் மெலிந்தன. பத்தாம் நாள் ஒன்றுமே இல்லை. எப்படியும் போயிருக்கலாம்மா, உன் மேல் போட்டுக்கொள்ளாதே என்றார் மேடம். திட்டியிருந்தால் தேவலை. அவர் சொன்னதை இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை.

அண்ணனுக்கு நோய் முற்றிவிட்டிருந்தது. கடைசி வாரம் பேச்சே குறைந்துபோய்க் கையை அசைத்துக் கூப்பிட்டான்.

"பசங்க கீறானுங்களா?"

"இருக்காங்கண்ணா. நல்லா பெருகியிருக்காங்க."

"அப்ப சரி. நீ பாத்துக்க."

பக்கத்துப் படுக்கைக்காரர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தானாம், தன் ரத்தம் தாம்பரத்தில் நன்றாக இருக்கிறது என்று. அவன் போன பிறகு அவர்கள் என்னிடம் சொன்னார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

காரியம் முடிந்து வேலைக்குப் போனேன். குப்பியில் ரத்தச் செல் ஒன்றுகூட இல்லை. அடியில் அந்தப் பாய் மட்டும் அப்படியே உயிரோடு இருந்தது. அதுவும் அண்ணன் மஜ்ஜையிலிருந்து வந்ததுதான். கொட்டிவிடேன்மா என்றார் மேடம். சரி என்றேன். பாதி எடுத்தேன், பாதி ஊற்றினேன், பழைய இடத்திலேயே வைத்து மூடினேன்.