அடுப்பில் வைத்த பால்

மாடி வீட்டு அம்மாவுக்கு அந்தத் தெருவில் நீதிபதி என்று பெயர். நாவல் ஒன்றை முடித்தால் போதும், மாடிப்படியில் எதிரே வருகிறவரை நிறுத்தித் தீர்ப்பு சொல்லிவிடுவாள்.

போன வாரம் முடித்தது துப்பறியும் கதை. "ஈரத் துண்டை வச்சுக்கிட்டு முந்நூறு பக்கம் யோசிக்கிறான் அந்தத் துப்பறிவாளன். அது காய எவ்வளவு நேரமாகும்னு துணி துவைக்கிறவளைக் கேட்டிருந்தா, மூணாம் அத்தியாயத்துலயே கொலைகாரனைப் பிடிச்சிருக்கலாம்!"

காதல் கதையை இன்னும் மோசமாகக் கிழித்தாள். "ஒரு தடவை உட்கார்ந்து பேசியிருந்தா முடிஞ்சிருக்கும். ரெண்டுக்கும் வீம்பு." சரித்திரக் கதையில் ராஜா குதிரையை விட்டு இறங்கவே இல்லையாம். "அவன் எப்போ குளிச்சான்? ராணி மயங்கினாளாம். மயங்காம என்ன செய்வா, மூக்குன்னு ஒண்ணு இருக்குல்ல?" பேய்க் கதைக்கு மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டினாள். "திறந்த கதவை அந்தப் பேயாவது மூடுது. நம்ம வீட்டுல யாரு மூடுறீங்க?"

இந்த வாய்க்குத்தான் இப்போது சோதனை வந்தது. கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் நில அளவை அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்ற கையோடு ஒரு குடும்ப நாவல் எழுதி, சொந்தச் செலவில் அச்சடித்து, கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்திருந்தார். வாடகை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பித்துத் தருவதா வேண்டாமா என்று அவர் இன்னும் வாய் திறக்கவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் கணவர் கெஞ்சினார். "தாயே, 'நல்லா இருக்கு'ன்னு மட்டும் சொல்லு. வேற வீடு தேடி அலைய என்னால ஆகாது."

"சரி சரி, வாயைத் தச்சுக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் மேலே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "படிச்சிட்டியாம்மா?"

"அட்டை நல்லா இருக்கு சார்."

"உள்ளே?"

"எழுத்து பெருசு பெருசா இருக்கு. கண்ணை உறுத்தல."

கணவர் நிம்மதியாக மூச்சு விட்டார். வீட்டுக்காரர் விடவில்லை. "கதாநாயகி எப்படி? பொறுமையின் சிகரம், இல்லையா?"

அவ்வளவுதான், தையல் பிரிந்துவிட்டது. "சிகரமா? நாலாம் அத்தியாயத்துல அடுப்புல பால் வச்சா. அழ ஆரம்பிச்சவ ஆறாம் அத்தியாயம் வரைக்கும் அழுறா. பாலை யார் சார் இறக்குனது? அவ சின்னப் பொண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனீங்களே, கதை முடிஞ்சும் புள்ள வீடு திரும்பலையே! பெத்தவ தேட வேணாமா?"

கணவர் இருமினார். அவள் காலை மிதிக்கப் போனார். மிதிபட்டது வீட்டுக்காரரின் கால்.

வீட்டுக்காரர் எழுந்து இறங்கிப் போனார். அன்று முழுக்கக் கணவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கும் சோறு இறங்கவில்லை. இந்தச் சமையலறை ஜன்னலை விட்டுப் போக வேண்டுமே என்று அதன் கம்பியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். 'நல்லா இருக்கு'ன்னு சொல்லித் தொலைத்திருந்தால் என்ன, நாக்கு அழுகியா போயிருக்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை வீட்டுக்காரர் ஒப்பந்தத்தோடு வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"என் தம்பி 'அருமை'ன்னான். கூட வேலை பார்த்தவங்க 'உலகத்தரம்'னாங்க. ஒரு பய படிக்கலம்மா! நீ ஒருத்திதான் கடைசிப் பக்கம் வரைக்கும் போயிருக்க. உன்னை எப்படி வெளிய விடுவேன்? மூணு வருஷத்துக்குப் போட்டிருக்கேன். கையெழுத்துப் போடுங்க."

அவர் மனம் மாறுவதற்குள் போட்டுவிடுவோம் என்று கணவர் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்திட்டார். அவளும் போட்டாள்.

வீட்டுக்காரர் தோள்பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார். "ரெண்டாம் பாகம். தினமும் வந்து ஒவ்வொரு அத்தியாயமா வாசிக்கிறேன். நீ குறை சொல்லு."

தொண்டையைக் கனைத்து அவர் முதல் வரியை ஆரம்பிக்கவும், கணவர் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் அவள். "ஒப்பந்தத்துல உங்க கையெழுத்தும் இருக்கு. வந்து உட்காருங்க."