அய்யன் பார்த்த கொலை

"பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்து வெட்டு" என்று எங்கள் பக்கத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கல்யாணப் பந்தியில்கூடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சிரிக்காமல் ஒருவர் சொல்லிக் கேட்டது ஒரே தடவைதான். அப்போது எங்கள் ஊர்ப் பூவரச மரத்தில் ஓர் ஆளை, ஏரில் மாடு பூட்டும் பூட்டாங்கயிற்றால் கட்டிவைத்திருந்தார்கள். அவன் வாயிலிருந்து ரத்தம் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.

யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் நாமகிரிப்பேட்டை ரோட்டில் கரி பஸ் ஓடிற்று. பஸ்ஸின் பின்னால் இருக்கும் கரி அடுப்பை மூட்டும் வேலை எங்கள் ஊர்க்காரன் ஒருவனுக்கு. அவனை அன்று காலையில் சோளக்காட்டு வாய்க்காலில் எவனோ கழுத்தில் வெட்டிப் போட்டிருந்தான். பிணத்தை முதலில் கண்டவர் என்னைப் பெற்ற அய்யன்.

அய்யனுக்கு எழுபது தாண்டிவிட்டது. கொஞ்ச காலமாகவே தின்ற தட்டுக் காய்வதற்குள், "ஏ அம்மிணி, எனக்குச் சோறு போடலையா?" என்று என் சம்சாரத்தைக் கேட்பார். தான் பாடுபட்ட காட்டுக்கே போய்விட்டுத் திரும்ப வழி தெரியாமல் அடுத்த ஊர் எல்லையில் நிற்பார். ஆனால் இளவட்ட வயசுச் சங்கதி எதைக் கேட்டாலும், அந்நாளைய மாட்டின் கொம்பு வளைவு முதற்கொண்டு சொல்வார். "கடைசியா ஏத்துன மூட்டைதான் மொதல்ல உருளும்" என்று வண்டிக்காரர்கள் சொல்வார்களே, அதுதான். அடிமூட்டை அசையவில்லை. அதனால் ஊரில் எவருக்கும் சந்தேகம் வரவில்லை. பேச்சில் அவ்வளவு கணக்காக இருக்கிற மனுசனைப் புத்தி தப்பியவர் என்று யார் நினைப்பார்கள்?

அன்று அய்யன் ஊருக்குள் ஓடிவந்து, "வெட்டிப்போட்டான்! என்ற கண்ணு முன்னாலயே வெட்டிப்போட்டான்!" என்று கத்தியிருக்கிறார். செத்தவனுக்கும் அவன் பங்காளிக்கும் பொதுக் கிணறு. தண்ணீர் முறைக்காக முந்தின வாரம்தான் இருவரும் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு நின்றார்கள். அது போதாதா? பங்காளியை வீடு புகுந்து இழுத்துவந்து அய்யன் முன்னால் நிறுத்தினான் செத்தவனின் அண்ணன்.

"இவன்தானுங்களே மாமா?"

அய்யன் உற்றுப் பார்த்துவிட்டு, "இவனேதான்" என்றார்.

காட்டிலிருந்து நான் ஓடிவந்து சேர்ந்தபோது அவனுக்கு இடது கை முறிந்து, முழங்கைக்குக் கீழே வேறு யாருடையதோ போலத் தொங்கிற்று. மூங்கில் தடி ஒன்று பிளந்து கீழே கிடந்தது. பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் பிணம். தலையோடு ஈர வேட்டி போர்த்தி, அதன் மேல் ஈ மொய்த்தது.

"நா இல்லீங்க... ஊட்லதான் படுத்திருந்தனுங்க..."

"அடி ஒதவற மாதிரி அண்ணன் தம்பி ஒதவமாட்டான். இன்னும் நாலு போடுங்க, நெசம் தானா வரும்!"

போட்டார்கள். முகத்தில், விலாவில், முறிந்த கையிலேயே. எலும்பு உடைகிற சத்தம் காய்ந்த சோளத்தட்டை ஒடிக்கிற சத்தமாகத்தான் கேட்டது. கட்டுண்டவனின் பெண்டாட்டி எங்கய்யன் காலைக் கட்டிக்கொண்டாள். "மாமா, உங்க வாய்ச் சொல்லுலதான் அந்த உசுரு நிக்குது. சரியாப் பாத்தீங்களா? சொல்லுங்க மாமா!"

அய்யன் சொன்னார். அன்று எத்தனையாவது தடவையோ, ஒரு சொல் மாறாமல் சொன்னார். "கெணத்துமேட்டுல பின்னால வந்தான். குடுமியப் புடிச்சு மடக்குனான். அண்ணாந்த கழுத்துல ஒரே போடு. கையில குடுமி, கீழ முண்டம். வாய்க்காத் தண்ணி செவந்து பாத்தி முச்சூடும் பாஞ்சுது."

"பங்காளியையும் பனங்காயையும் பதம் பாத்து வெட்டோணும்" என்று சொல்லிச் செத்தவனின் அண்ணன் அரிவாளை எடுத்துவிட்டான். "போலீசு வாரதுக்குள்ள நானே முடிச்சுப்போடறேன்."

குடுமியா? நான் பிறப்பதற்கு முன்னால் எங்கள் பெரியப்பாவைக் கிணற்றுமேட்டில் ஒரு பங்காளி அப்படித்தான் குடுமியைப் பிடித்து வெட்டிக் கொன்றான். பக்கத்தில் நின்று பார்த்த தம்பி எங்கய்யன். அம்மா சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி எனக்குப் பாடம். வாய்க்காலில் ரத்தத்தோடு ஒரு பிணத்தைக் கண்டதும் அந்தப் பழைய நாள் அய்யன் கண்ணுக்குள் எழுந்து வந்துவிட்டது.

நான் குறுக்கே விழுந்தேன். "நிறுத்துங்கடா! அய்யன் பார்த்தது இந்தக் கொலை இல்லை. அது எங்க பெரியப்பன் கொலை!"

"பெத்த அப்பனையே பைத்தியம்ங்கறான் பாரு! எத்தனை மூட்டை நெல்லுடா வாங்குனே?" என்று எவனோ என் பிடரியில் அறைந்தான். அதைவிடப் பெரிய அடி அய்யனிடமிருந்து வந்தது. "என்ற கண்ணு பொய்யாடா?" என்று கைத்தடியால் வாயிலேயே போட்டார். முன்பல் ஒன்று தெறித்தது. இன்றைக்கும் அந்த ஓட்டை வழியாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கட்டிலண்டை போய் ஈர வேட்டியை உருவினேன். "இந்தாப்பா, உன் தம்பி தலை. குடுமியப் பிடி பாக்கலாம்!"

கரி அடுப்பில் குனிந்து குனிந்து குடுமி கருகிப்போய், அவன் கிராப்பு வெட்டிக்கொண்டு வருசமாகிறது. வெட்டிக்கொண்டு வந்த அன்று ஊரே கூடி, "பேரிச்சங்கொட்டைத் தலையா" என்று கேலி செய்தது. கேலி செய்த அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள். அய்யன் கதையைக் கேட்ட காதில் ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை.

அண்ணன்காரன் அரிவாளை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையைத் தம்பி தலையில் வைத்தான். விரலை மடக்கினான். வழுக்கிற்று. மறுபடியும் மடக்கினான். பிடிக்க ஒன்றும் இல்லை. அரிவாளைப் போட்டுவிட்டுக் கட்டில் காலிலேயே தலையை மோதிக்கொண்டான். இரண்டு பேர் சேர்ந்து அவனை இழுக்க வேண்டியிருந்தது.

கட்டை அவிழ்த்ததும் பங்காளி மூட்டையாகச் சரிந்தான். கொன்றது வேறோர் ஆள் என்று போலீசார் பிற்பாடு கண்டுபிடித்தார்கள். இவனுடைய அந்தக் கை கடைசிவரை மண்வெட்டி பிடிக்கவில்லை.

அவன் தண்ணீர் கேட்டு முனகினான். அடித்தவர்களில் ஒருத்தனுக்கும் பக்கத்தில் போகத் துணிச்சல் வரவில்லை. யார் வீட்டிலிருந்தோ சொம்பில் தண்ணீரை மொண்டுகொண்டு எங்கய்யன்தான் வந்தார். முகத்தில் கோபம் துளியும் இல்லை. பக்கத்தில் குந்தி, அவன் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"யாரு சாமி, உன்னைய இப்படிப் போட்டு அடிச்சது?"

அவன் அய்யன் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு சுற்றி நின்ற எங்களைப் பார்த்தான்.

"மாடு முட்டிருச்சுங்க மாமா."

"அடப்பாவமே! முட்டற மாட்டை ஊட்ல வெச்சிருக்கலாமா சாமி? நாளைக்கே சந்தைக்கு ஓட்டிப்போடு."

"ஆகட்டுங்க" என்று சொல்லி, அய்யன் பிடித்திருந்த சொம்பிலேயே உடைந்த வாயை வைத்துக் குடித்தான்.