சேகர் போன விமானத்தில் இரண்டு பேர்

தாம்பரம் விமானப்படை நிலையத்துக்குள் போய் விமானங்களைப் பார்க்க முடியுமா என்று மாதத்துக்கு ஒருவராவது இந்த வலைப்பூவுக்கு எழுதிக் கேட்கிறார்கள். முடியாது. மதிலையும் கம்பி வேலியையும் பார்க்கலாம். வேலியோரம் கேமராவை எடுத்தால் காவலில் இருப்பவரையும் பக்கத்தில் பார்க்கலாம். ஆனால் அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்துப் படிப்பகத்தின் சுவரில் ஒரு குண்டுவீச்சு விமானம் இருக்கிறது. பெயிண்டில் வரைந்ததுதான். அது அங்கே வந்த கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

1989 ஆகஸ்ட், சுதந்திர தினத்துக்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது நுங்கம்பாக்கத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் படவரைவாளன். பழைய புத்தகக் கடைகளில் விமானப் பத்திரிகைகளைப் பொறுக்கி வந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் படிப்பவன் என்பதால் எனக்கு 'ஏர் மார்ஷல்' என்று பெயர். வைத்தவர் தட்டச்சுப் பிரிவு வசந்தா. அவர் என்னிடம் கிண்டல் இல்லாமல் பேசியது அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் முதல் தடவை.

அவருடைய அண்ணன் சேகர் எழுபத்தொன்று போரில் விமானத்தோடு காணாமல் போனவர். ஊரில் அவர் பெயரில் ஒரு படிப்பகம் கட்டி முடித்திருந்தார்கள். ஆகஸ்ட் பதினைந்து திறப்பு விழா. சுவரில் அவர் படமும் தயார். "படம் தப்பு சார். அண்ணன் போனது அந்த ப்ளேன் இல்ல. நான் சொன்னா உனக்கென்ன தெரியும்னு வாயை அடைக்கிறாங்க. நீங்க ஒரு தடவை வந்து சொல்லுங்களேன்" என்றார். என்ன விமானம் என்று கேட்டேன். கைப்பையிலிருந்து ஒரு பழைய கடிதத்தை எடுத்து, அண்ணனின் கையெழுத்தில் இருந்த ஒரு சொல்லைக் காட்டினார். கான்பெரா. குண்டுவீச்சு விமானத்தின் பெயர்.

நுங்கம்பாக்கத்திலிருந்து காலை 9.10 மின்சார ரயில். தாம்பரம் இருபது கிலோமீட்டர் சொச்சம். டிக்கெட் இரண்டு ரூபாய். அப்போது மீட்டர் கேஜ் பாதை. ஞாயிறு என்பதால் உட்கார இடம் கிடைத்தது. 9.55க்குத் தாம்பரம். கிழக்குப் பக்கம் இறங்கினேன். பஸ்ஸுக்கு அரை மணி நேரம் ஆகும் என்றார்கள், ஆட்டோ பிடித்தேன். பதினைந்து கேட்டு பன்னிரண்டுக்கு வந்தார்.

"ஏர்போர்ஸ்ல இன்னா சார் வேலை?" என்றார் ஓட்டுநர். கையில் விமானப் படம் போட்ட புத்தகம் இருந்ததால் வந்த சந்தேகம். இல்லை, படிப்பகம் பார்க்கப் போகிறேன் என்றேன்.

"நம்ம பைலட் சேகரு படிப்பகமா? சூப்பரா வரஞ்சிகீறாங்க சார். அப்டியே பறந்து வர்ற மாதிரி கீது."

பைலட் சேகர். வசந்தா சொன்னபடி அவர் விமானத்தை ஓட்டியவர் இல்லை. அந்த வார்த்தையிலேயே எனக்குப் பிரச்சினை பாதி புரிந்துவிட்டது.

படிப்பகம் ஊர் முகப்பிலேயே இருந்தது, வசந்தா வாசலில் காத்திருந்தார். ஒரே அறை, சிமென்ட் கூரை, தெருவைப் பார்த்த சுவர் முழுக்கப் படம். கூர்மூக்குப் போர் விமானம் ஒன்று, வாலில் ஆரஞ்சு நெருப்போடு வானத்தைக் கிழித்துக்கொண்டு போகிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் சேகர். தலைக்கவசம் கிடையாது, முகம் தெரிய வேண்டுமே. மீசை முறுக்கிச் சிரிக்கிறார். சொல்ல வேண்டும், நல்ல கை. தூரிகையோடு அங்கே நின்றிருந்த ஓவியர் பாபு கிழக்குத் தாம்பரத்தில் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுகிறவர். மாதிரிக்கு எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். ஹார்டுவேர் கடை காலண்டர் என்றார்.

அந்த ஹார்டுவேர் கடைக்காரர்தான் மாணிக்கம். வசந்தாவுக்குப் பெரியப்பா மகன். முன்பு நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றவர். படிப்பகத்துக்கு இடம் கொடுத்தவரும் அவரே. கல்யாண வீட்டில் பெண்ணின் அப்பா நிற்பது போல வெள்ளை வேட்டியில் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க சார். இன்னா, படம் எப்டி கீது?"

படம் நன்றாக இருக்கிறது, விமானம்தான் வேறு என்றேன். இது சண்டை விமானம், சேகர் போனது குண்டுவீச்சு விமானம்.

"ரெண்டும் மிலிட்டிரி ஏரோபிளேன் தான சார்? இதுல இன்னா பேஜாரு?"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நீளமாகப் பேசிவிட்டேன், பழக்க தோஷம். சண்டை விமானத்தின் வேலை வானத்தில் இன்னொரு விமானத்தோடு மோதுவது. அதனால் சின்ன உடம்பு, பெரிய வேகம், சட்டென்று திரும்பும் லாகவம், பெரும்பாலும் ஒரே ஆள். எரிபொருள் சீக்கிரம் தீரும், அதனால் தூரம் போகாது. குண்டுவீச்சு விமானம் சண்டையைத் தேடிப் போவதில்லை, முடிந்தவரை தவிர்க்கும். அதன் வேலை பாரத்தைச் சுமந்துகொண்டு வெகுதூரம் போய், சொன்ன இடத்தில் போட்டுவிட்டுத் திரும்புவது. பெரும்பாலும் இருட்டில், தரையை ஒட்டி. அந்த இருட்டில் வழி கண்டுபிடிப்பது தனி வேலை. அதற்குத் தனி ஆள் வேண்டும். சேகர் அந்த ஆள். நேவிகேட்டர்.

மாணிக்கம் ஒரு நிமிடம் யோசித்தார். "அதாவது, இது புல்லட் வண்டி. அது செங்கல் லாரி."

ஏறத்தாழ அப்படித்தான் என்றேன்.

"அப்ப நம்ம சேகரு கிளீனரா?"

வசந்தாவின் முகம் சிவந்துவிட்டது. "இதுக்குத்தான் சார், இதுக்குத்தான்" என்றார் என்னைப் பார்த்து. பிறகு மாணிக்கத்திடம் திரும்பினார். "எங்கப்பா மொதல்ல உண்மையத்தான் சொன்னாரு. நேவிகேட்டர்னு. ஊரே வந்து, அது கண்டக்டர் மாதிரியான்னு கேட்டீங்க. எத்தனை பேருக்கு வெளக்கம் சொல்லுவாரு? அலுத்துப்போயி பைலட்னு சொல்லிட்டாரு. அண்ணன் லீவுல வந்தப்ப அதைக் கேட்டு எவ்ளோ கூசிப்போச்சு தெரியுமா? 'நான் ஓட்டலப்பா, நான் இல்லாம அவரால ஊர் வந்து சேர முடியாது, அவ்ளோதான்'னு சொல்லிச்சு. நீங்களும்தான அண்ணா பக்கத்துல உக்காந்துகினு இருந்தீங்க?"

மாணிக்கத்துக்கு நினைவிருந்தது என்று நினைக்கிறேன். வேட்டி நுனியைத் தேவையில்லாமல் சரிசெய்தார். "ஊர்ல எல்லாரும் பைலட் பைலட்னு சொல்லிகினு கீறாங்க. இப்ப போயி ஓட்டலன்னு செவுத்துல எழுதினா நாலு பேரு சிரிக்க மாட்டான்? லாரில கூட டிரைவருக்குத்தாம்மா மரியாதை."

"சிரிக்கட்டும். பதினெட்டு வருஷமா இல்லாத ஒரு பைலட்டைத்தான் கும்புட்டுகினு கீறோம். எனக்கு என் அண்ணன் வேணும்."

அலுவலகத்தில் 'இருக்கு' என்று பேசுபவர் அவர். கோபம் வந்ததும் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. அதற்கு மேல் மாணிக்கம் வாதாடவில்லை. "பாபு, மாத்திட முடியுமா? செவ்வாக்கெழமை காலைல பத்து மணிக்குத் தொறப்பு" என்றார்.

"ரெண்டு நாளு கீதில்ல அண்ணா, முடிச்சிரலாம். சார படத்த மட்டும் குடுக்கச் சொல்லு."

புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன். அகன்ற இறக்கைகள், இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின்கள், உருண்டை மூக்கு. அழகு என்று சொல்ல மாட்டேன். பாபு கரித்துண்டால் பக்கத்துச் சுவரில் ஒரு நிழல் போட்டுப் பார்த்தார். நெருப்பு வேண்டாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வருத்தப்பட்டார்.

"சரி, சேகரு சாரு எங்க குந்திகினு இருப்பாரு?"

எனக்கு அதுவரை தோன்றாத சிக்கல் அது. நம் விமானப்படையில் இருந்த அந்த வகைக் கான்பெராவில் ஓட்டுபவருக்கு மேலே கண்ணாடிக் கூண்டு உண்டு. நேவிகேட்டருக்குக் கிடையாது. அவர் இடம் கீழே மூக்குக்குள். சின்ன மேஜை, வரைபடம், கருவிகள். குறி பார்க்கும்போது மட்டும் முன்னால் போய்க் குப்புறப் படுத்துக்கொள்வார். பக்கத்திலிருந்து பார்த்தால் ஆள் இருப்பதே தெரியாது.

"இன்னா சார் சொல்ற? அவுரு படிப்பகத்துல அவுரே தெரிய மாட்டாரா?" மாணிக்கத்துக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

"மூக்குக் கண்ணாடில படுத்துகினு கீற மாதிரி வரையட்டா?" என்றார் பாபு.

"டேய், படுக்கவெச்சா பொணம் மாதிரி இருக்கும்டா."

யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் வசந்தாதான் முடிவு சொன்னார். சேகரின் முகம் தனியாக, வட்டத்துக்குள், மேல் மூலையில். விமானம் உள்ளது உள்ளபடி.

பாபு கரித்துண்டால் கூண்டை வரைந்தார். அதற்குள் ஒரு தலை. தலைக்கவசம் போட்டார். பிறகு கையை நிறுத்திக்கொண்டு திரும்பினார்.

"அக்கா, இங்க ஓட்டிகினு கீறாரே, இவுரு யாரு? பேரு இன்னா எழுதறது?"

வசந்தா மாணிக்கத்தைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"தெரியாது" என்றார் வசந்தா. "நாங்க கேக்கவே இல்ல."

எப்படிக் கேட்டிருப்பார்கள்? அவர்கள் வீடு ஊருக்குச் சொன்ன கதையில் விமானத்தை ஓட்டியது சேகர். அந்தக் கூண்டில் இன்னொருவருக்கு இடமே இல்லை.

மதியச் சாப்பாடு மாணிக்கம் வீட்டில். மீன் குழம்பு, கோவளத்துப் பக்கமிருந்து கூடையில் வரும் மீன். 2.40க்கு வசந்தா என்னைப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டார். வெயில் கொளுத்தியது. ஞாயிறு என்பதால் பயிற்சி விமானங்கள் இல்லை, வானம் காலியாக இருந்தது.

"சார், ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. ரெண்டு பேரும் திரும்பலன்னுதான் லெட்டர் வந்துச்சு. அடிபட்டா குதிக்க வழி இருக்குமாமே?"

அந்தக் கேள்வி வரக்கூடாது என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் உண்மை வேண்டும் என்று என்னை அழைத்து வந்தவரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"ஓட்டுறவருக்கு இருக்கு. சீட்டோட வெளியே தூக்கி எறியும். உங்க அண்ணன் இடத்துல அந்த சீட் இல்லை. கதவைத் திறந்து குதிக்கணும். தாழப் பறக்கும்போது அது ரொம்பக் கஷ்டம்."

"அப்ப ஓட்டினவரு குதிச்சிருக்கலாம்" என்றார் வசந்தா.

"நேரம் இருந்துதான்னு யாருக்கும் தெரியாதுங்க."

"தெரியாதுதான். ஆனா அவரும் வரலயே சார்."

பஸ் வந்துவிட்டது. தாம்பரத்துக்கு எழுபத்தைந்து பைசா. மறுநாள் அலுவலகத்தில் வசந்தா மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை, டில்லியில் விமானப்படைத் தலைமையகத்துக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அவர் கேட்டிருந்தது ஒரு பெயர், ஒரு முகவரி.

இப்போது போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று வசந்தா சொல்லியிருக்கிறார். கிழக்குத் தாம்பரத்தில் விமானப் படம் போட்ட படிப்பகம் என்று ஆட்டோக்காரர்களிடம் கேட்டால் கொண்டுபோய் விடுவார்கள். நான் கொடுத்த பன்னிரண்டு ரூபாயை அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். மாலை ஐந்திலிருந்து எட்டு வரை திறந்திருக்கும். சுவர் மேற்கு பார்த்தது, ஐந்தரை மணி வெளிச்சத்தில் படம் நன்றாக விழும். விமானப்படை நிலையத்தை வெளியிலிருந்துகூடப் படம் எடுக்காதீர்கள். சண்டை விமானம் எது, குண்டுவீச்சு விமானம் எது என்று குழந்தைகளுக்குச் சொல்லித் தர விரும்பினால் வேகத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள், உள்ளே எத்தனை பேர் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். நான் அன்று தலைகீழாகத்தான் ஆரம்பித்தேன்.

டில்லியிலிருந்து பதில் நவம்பர் கடைசியில் வந்தது. ஓட்டியவர் பஞ்சாப்காரர். சேகரைவிட இரண்டு வயது சிறியவர். விமானத்துக்குக் கீழே காலியாக விட்டிருந்த இடத்தில் பாபு அந்தப் பெயரைத் தமிழில் எழுதினார். டிசம்பரில் சேகரின் திதிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மாணிக்கம் வீட்டுக் கூடத்தில் படையல். சேகர் படத்துக்கு முன்னால் தலைவாழை இலையில் சோறு, மீன் குழம்பு, அவருக்குப் பிடித்த மசால் வடை. பக்கத்தில் இன்னொரு இலை. அதற்குப் பின்னால் படம் இல்லை, சுவர்தான் இருந்தது. மாணிக்கத்தின் மனைவி அடுக்களையிலிருந்து வந்து அந்த இலையில் நான்கு சப்பாத்தி வைத்தார்.