டேப்லெட்டுக்கு வைத்த பொட்டு

கம்பம் டவுனில் டேப்லெட் வாங்கி வந்த அன்று, என் கணவர் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எங்கள் திராட்சைத் தோட்டத்துக்கு மோட்டார் வந்தாலும் மருந்தடிக்கிற மெஷின் வந்தாலும் முதல் பொட்டு அவர் கையால்தான். நான் கையேட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். கீழே சார்ஜர் செருகும் துளை, இருபுறமும் ஸ்பீக்கரின் சல்லடைக் கண்கள், பக்கவாட்டில் பவர் பட்டன். கேமரா ஓடினால் பச்சை விளக்கு எரியும் என்று போட்டிருந்தது.

துபாயில் வேலை பார்க்கும் மகளை வீடியோவில் அழைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. அவள் முகமும் வந்தது. எங்கள் முகம் தெரிய வேண்டிய கட்டத்தில் மட்டும் ஒரே மஞ்சள் மூட்டம்.

“வாங்குன அன்னைக்கே கேமரா போச்சு! அந்தக் கடைக்காரனை உண்டு இல்லைன்னு ஆக்கிடுறேன்” என்று கத்தினேன்.

அவர் மெல்லச் சொன்னார்: “நெத்தி மாதிரி மேல நடுவுல வட்டமா இருந்துச்சு. அங்கனதான் பொட்டு வச்சேன்.”

“தொடச்சுடுறேன்” என்று தலையில் அடித்துக்கொண்டு முந்தானையை எடுத்தேன்.

“இரும்மா, அழிக்காத” என்றாள் மகள். “அப்பா எனக்குப் பொட்டு வச்சு எம்புட்டு நாளாச்சு.”

சொல்லிவிட்டு நெற்றியைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். அவர் விரலில் மிச்சமிருந்த சந்தனத்தைக் கண்ணாடியில் வைத்தார். புதுக் கண்ணாடிதான். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டேன்.