மூன்றாவது காபிக்குப் பிறகும்

போஸ்னியாவின் மக்லாய் ஊரில், வீடு வீடாகப் போய் விற்கிறவர்களைக் கண்டால் கதவைச் சாத்துகிறவர்கள்கூட சும்ரெத்தாவுக்குத் திறப்பார்கள். செருப்பு ஆலை மூடியபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. சோப்பு, களிம்பு, பாத்திரம் என்று படம் போட்ட பட்டியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. முன்கூட்டிப் போன் செய்யாமல் யார் வீட்டுப் படியும் ஏறமாட்டாள். உட்கார்ந்ததுமே, "விக்கத்தான் வந்திருக்கேன்" என்று சொல்லி, விலையையும் சொல்லிவிடுவாள். துக்க வீட்டில் நாற்பது நாள் பையைத் திறக்கமாட்டாள். பதினான்கு நாளைக்குள் வேண்டாமென்றால் திருப்பித் தரலாம் என்ற சீட்டை வாங்கினவர் கையில் திணித்து, எதிரிலேயே படிக்க வைப்பாள். கூட விற்கிற பெண்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

"வாங்காதேன்னு நீயே சொல்லிக் குடுக்குற. உனக்கெல்லாம் எதுக்கு இந்தப் பொழப்பு?"

அவள் சிரிப்பாள். நல்ல பெயர் என்றால் அவளுக்கு உயிர். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

இவ்வளவு கெட்டிக்காரி சறுக்கியது விலையிலும் அல்ல, சீட்டிலும் அல்ல. ஆறுதல் சொல்லப்போய்ச் சறுக்கினாள். பாலத்தடி வீட்டு ஹஸ்னியா அறுபத்தெட்டு வயது விதவை, சர்க்கரை வியாதிக்காரி. பாதக் களிம்பு டப்பாவைக் கையில் உருட்டிக்கொண்டே, "என் கால் விரல்ல இருக்கிற புண்ணு இதுக்கு ஆறுமாடி?" என்று கேட்டாள். மக்லாயில் ஒருவர் நோவு என்று வாய் திறந்தால், சரியாகிவிடும் என்று சொல்லாமல் எழுந்து வருவது பெரிய மரியாதைக் கேடு.

"அல்லா நாடினா ஆறிடும்க்கா" என்றாள் சும்ரெத்தா.

அந்தக் களிம்பு வெடித்த தோலுக்கானது, புண்ணுக்கல்ல. வெறுங்கையோடு போயிருந்தால் அவள் சொன்னது ஆறுதலோடு நின்றிருக்கும். டப்பாவை நீட்டியபடி சொன்னதால் அது வாக்காகிவிட்டது. அன்றைக்கு அது அவளுக்கு உறைக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ஹஸ்னியா போன் செய்து நான்கு டப்பா கேட்டாள். சும்ரெத்தா காலையிலேயே கொண்டுபோனாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் காபிக்கு வந்திருந்தார்கள். இருவருமே அவளிடம் வாங்குகிறவர்கள்தான். ஹஸ்னியாவின் வலது காலில் பழைய துணி சுற்றியிருந்தது. காபி மணத்தையும் மீறி ஒரு வாடை வந்தது.

"நாலு எதுக்குக்கா?"

"பூசத்தான். வாராவாரம் ஆஸ்பத்திரில கட்டு மாத்தி என்னத்தக் கண்டேன்? நீதான் ஆறிடும்னியே, அங்க போறதையே விட்டுட்டேன். இப்ப வலியே இல்ல, நல்லா மரத்துப்போச்சு."

சும்ரெத்தா மேசையில் வைத்த நான்கு டப்பாக்களையும் எடுத்துத் திரும்பப் பைக்குள் போட்டாள்.

"இது மருந்து இல்லக்கா. அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இதை உங்களுக்கு விக்க மாட்டேன். கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"ஊருக்கெல்லாம் விக்கிறே, எனக்கு மட்டும் இல்லையா? ஏன், என் காசு செல்லாதா?"

"செல்லும்க்கா. களிம்புதான் செல்லாது."

"அப்ப போன மாசம் சொன்னது பொய்யா?"

மற்ற இருவரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்கள். பன்னிரண்டு வருஷம் சேர்த்த பெயர் அந்தக் கூடத்தில் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஆமா" என்றாள் கடைசியில்.

"அப்போ எனக்கு வித்த முகக் கிரீமும் இந்த லட்சணந்தானா?" என்றாள் ஒருத்தி.

"சந்தேகமா இருந்தா திருப்பிக் குடுங்க. சீட்டு இருக்குல்ல."

சும்ரெத்தா அதற்குள் இரண்டு காபி குடித்திருந்தாள். ஹஸ்னியா நொண்டிக்கொண்டே சமையலறைக்குப் போய், மூன்றாவது காபியைக் கொண்டுவந்து சும்ரெத்தாவின் முன் டொக்கென்று வைத்தாள். அந்த ஊர் வழக்கத்தில் முதல் காபி வரவேற்க, இரண்டாவது பேச, மூன்றாவது வந்தால் கிளம்பு என்று பொருள். மானமுள்ளவர்கள் அதைக் குடித்துவிட்டுப் பையை எடுத்துக்கொள்வார்கள். சும்ரெத்தா குடித்தாள். பையைத் தொடவில்லை.

"குடிச்சாச்சில்ல?"

"ஆச்சு. இன்னொண்ணு போடுங்க. எத்தனை போட்டாலும் குடிப்பேன். நீங்க செருப்பை மாட்டாம நான் எழுந்திரிக்க மாட்டேன்."

"வெக்கமே கெடையாதாடி உனக்கு?"

"வெக்கப்பட்டுத்தான் போன மாசம் உண்மையை முழுங்கினேன்க்கா."

அந்த வீட்டில் அதுவரை யாரும் மூன்றாவது காபிக்குப் பிறகு உட்கார்ந்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரிகள் இருவரும் வாய்க்குள் ஏதோ முனகிவிட்டு எழுந்து போனார்கள். ஹஸ்னியா பாத்திரம் கழுவினாள், துணி மடித்தாள், இவளைத் திட்டினாள். நான்காவது காபி வந்தது, ஐந்தாவதும் வந்தது. ஆறாவதுக்குத் தூள் இல்லை.

"உன்னோட ஒரே ரோதனையாப் போச்சு" என்று ஹஸ்னியா தலைக்குட்டையை எடுத்துக் கட்டினாள்.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் துணியைப் பிரித்ததும் டாக்டரைக் கூப்பிட்டாள். இளவயது டாக்டர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். சுண்டுவிரலை எடுத்தே ஆகவேண்டும் என்றார். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் காலே போயிருக்கும் என்றார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, அந்தக் களிம்பைப் பூசச் சொன்னது யார் என்று கேட்டார்.

"யாரும் சொல்லல டாக்டர்" என்றாள் ஹஸ்னியா சட்டென்று. "நானாத்தான் பூசிக்கிட்டேன்."

சும்ரெத்தா சுவரோரமாக நின்றிருந்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். விஷயம் அதோடு முடிந்துபோகும்.

"நான்தான் டாக்டர். நான்தான் வித்தேன், ஆறிடும்னு சொன்னதும் நான்தான். என் பேரு சும்ரெத்தா."

டாக்டர் எழுதிக்கொண்டார். ஹஸ்னியா அவளை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் டாக்டரின் பக்கம் திரும்பினாள்.

"எழுதுறதுதான் எழுதுறீங்க, முழுசா எழுதுங்க. அஞ்சு காபி குடிச்சு உக்காந்து, என்னை இங்க இழுத்துக்கிட்டு வந்ததும் இவதான்."