வெள்ளிக்கிழமை மூன்று மணி, மும்தாஜ் அக்கா

நேற்று காலை நரிக்குடியில் மும்தாஜ் அக்கா வீட்டுக்கு எங்கள் ரேடியோவிலிருந்து போனவர்கள்: நான், எடிட்டிங் பார்த்த செல்வி. இரண்டே பேர்.

அக்கா போய்விட்டார். முந்தாநாள் மதியத் தொழுகை முடித்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம்...

அருப்புக்கோட்டையில் நாங்கள் நடத்திய சமுதாய வானொலியில் வெள்ளிக்கிழமை மூன்று மணி உருது நிகழ்ச்சி அவருடையது. பழைய நேயர்களுக்கு நினைவிருக்கும்... இல்லை, இருக்காது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆண்கள் மய்யித்தை அடக்கம் செய்ய எடுத்துக்கொண்டு போன பிறகு மகள் பர்வீன் என் கையைப் பிடித்தாள்.

"ஆன்ட்டி, அம்மா குரல் எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல. போன் மாத்துனப்ப எல்லாம் போயிருச்சு. ரேடியோல ரெண்டு வருசத்துக்கு மேல பேசிருக்காகள்ல, அதக் குடுங்க. நாப்பதாம் நாளு பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டணும்."

சரி என்று தலையாட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

அக்கா பிறந்தது வேலூர்ப் பக்கம். பிறந்த வீட்டில் உருது. கல்யாணமாகி இங்கே வந்தால் புகுந்த வீட்டில் எல்லாருக்கும் தமிழ்தான்.

"'தமிழ்ல பேசும்மா, ஸ்கூல்ல சிரிக்கிறாக'ன்னு நாந்தான் சொல்லுவேன் ஆன்ட்டி" என்று நேற்று பர்வீனே சொல்லி அழுதாள்.

ஆக, வாரத்தில் அரை மணி, வியாழக்கிழமை ரெக்கார்டிங்கில். எங்கள் மைக் முன்னால்தான் அக்கா உருது பேசினார்.

மழை வராதது, கத்தரிக்காய்ப் பச்சடி, அவர் அக்கா கல்யாணத்தில் மருதாணிக்கு நடந்த சண்டை... எனக்கு ஒரு வார்த்தை புரியாது. முடித்துவிட்டு எனக்காகத் தமிழில் ஒருமுறை சொல்லுவார்.

அவர் ஊருக்கு எங்கள் ரேடியோ எட்டாது, டவுனைச் சுற்றிக் கொஞ்ச தூரம்தான். அதனால் வெள்ளி மூன்றரைக்கு எனக்கு போன் வரும்.

"ஏம்மா சரசு, இன்னைக்கு எப்டி வந்துச்சு?"

"நல்லா வந்துச்சுக்கா."

வரவில்லை. முதல் நாலு வாரம் மட்டும்தான் போட்டோம்.

அஞ்சாவது வாரம் நிலையப் பொறுப்பாளர் சொன்னார்: "உருத இங்க யாருக்கா கேக்கப்போறா? அந்த நேரத்துக்கு காலைல நீங்க பாடுற பக்திப் பாட்டையே திருப்பிப் போட்ருவோம். விளம்பரக்காரவுகளும் அதத்தான் கேக்குறாக. நோட்டுல மட்டும் உருதுன்னு எழுதிருங்க, மேல இருந்து வந்தா காட்டணும்."

"அவுககிட்ட சொல்லிருவோமா சார்?"

"எதுக்கு? வந்து பேசிட்டுப் போகட்டும்."

ஒலிபரப்பு நோட்டு எழுதுவது நான். அஞ்சாவதோடு படிப்பு நின்று, காலண்டர் தாளையும் பொட்டலம் மடித்த பேப்பரையும் படித்தே எழுத்தைத் தேற்றிக்கொண்டவள். அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு என்று எனக்கு அவ்வளவு பெருமை.

சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொடுவேன். தொட்டு, இதைத்தான் எழுதினேன்: 3.00, உருது, ஒலிபரப்பானது.

என் பாட்டு ஒரே நாளில் இரண்டு தடவை வருகிறதே என்று சந்தோஷமும் பட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் கன்னடம் பேசுவோம். ஒரு நாள் அக்கா கேட்டார், "ஒங்க பாஷைக்கும் ஒரு அரை மணி கேளேன், நீயே பேசலாம்ல?"

"அத யாருக்கா கேப்பா?" என்று சிரித்தேன்.

"ஏன், புரியாட்டியும் என் பேச்ச நீ கேக்கலையா?" என்றார்.

பிறகு ஒரு வியாழக்கிழமை. ரெக்கார்டிங்குக்கு வந்தவர் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

"போன வெள்ளி கண்ணாஸ்பத்திரிக்கு டவுனுக்கு வந்தேம்மா. மருந்துக் கடைல ரேடியோவப் போடச் சொன்னேன். 'இப்ப நான் பேசுவேன், கேளுங்க'ன்னு நின்ன எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். ஒன் பாட்டு வந்துச்சு. கடைக்காரரு, 'என்ன பாய் வீட்டம்மா, சாமி பாட்டெல்லாம் பாடுறீக?'ங்கறாரு. அம்புட்டுப் பேரும் சிரிச்சாக. நானும் சிரிச்சேன்."

"டெக்னிக்கல் ஃபால்ட்டுக்கா" என்றேன்.

என்னையே பார்த்தார். "சரி, மைக்கப் போடு."

அன்றும் அரை மணி பேசினார். முடித்த பிறகு தமிழில் சொல்லவில்லை.

மறுநாள் மூன்றரைக்கு போன் வரவில்லை. அதற்கப்புறம் எந்த வெள்ளியும் வரவில்லை.

ஆனால் நிலையத்தை மூடும்வரை வியாழன் தவறாமல் பஸ் ஏறி வந்து பேசிவிட்டுப் போனார். ஏன் என்று நான் கேட்கவே இல்லை...

கம்ப்யூட்டரில் இடம் இல்லை என்றபோது அக்கா பேசிய ஃபைல்களை எல்லாம் அழிக்கச் சொன்னதும் நான்தான். நோட்டில்தான் இருக்கிறதே என்று செல்வியிடம் சொன்னேன்.

நேற்று வந்ததும் அந்த நோட்டை எடுத்து எண்ணினேன். நூற்றுப் பதினாறு வெள்ளிக்கிழமை. எழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

இன்று காலை விளக்கேற்றப் போனவள், தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு பர்வீனுக்கு போன் போட்டேன். ஒன்று விடாமல் சொன்னேன். இதை இங்கே எழுதப் போவதையும் சொன்னேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு பர்வீன் கேட்டாள்:

"அந்த நாலு வாரம் நெசமாவே போட்டீகளா?"

"போட்டோம்மா."

"அப்ப அதுல ஒண்ணத் தேடிக் குடுங்க."

அக்கா... நல்லபடியாகப் போய் வாருங்கள். வேறு சொல்ல எனக்கு வாய் இல்லை.

அப்போது பயிற்சிக்கு வந்த காலேஜ் பிள்ளைகளே, பென் டிரைவில் காப்பி எடுத்துப் போனவர்களே, டவுனில் கேட்டு போனில் பதிவு செய்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களே... நிலையம் ஆரம்பித்த முதல் மாதம், வெள்ளி மூன்று மணி. ஒரு நிமிஷம் இருந்தாலும் போதும்.

நாற்பதாம் நாளுக்கு முன்னால் கொடுக்க வேண்டும். இல்லையென்றாலும் இல்லை என்று எழுதுங்கள், அடுத்த ஆளைக் கேட்கிறேன். சீக்கிரம் பதில் போடுங்கள்.